பார்ட்டிஷன் பிரித்ததால் திரைக்கு வாரண்டி இல்லையா?

கேள்வி: நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். கம்பஸ் போகும் மகனுக்காகப் பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் புதிய லெப்டொப் வாங்கி இரண்டு மாதத்துக்கு மேலாகிறது. ஒரு வருட வாரண்டி, பில் என் பெயரில். முழுவதும் ஒரே சி ட்ரைவாக இருந்ததால் மகன் அதை இரண்டாகப் பிரித்தான். தேவையில்லை என்று நினைத்துச் சின்னப் பார்ட்டிஷன்களையும் அழித்துவிட்டான். விண்டோஸ் எழும்பவில்லை. பிறகு யூஎஸ்பி வைத்து அவனே மறுபடி போட்டான், நன்றாக வேலை செய்தது. போன கிழமையில் இருந்து திரையில் குறுக்கே கோடு விழுகிறது. "பார்ட்டிஷனில் கை வைத்ததால் வாரண்டி செல்லாது; திரைக்கும் காசு, ஒரிஜினல் விண்டோஸுக்கும் காசு" என்கிறது கடை. இது சரியா?

பதில்: சரியில்லை அம்மா. ஆனால் காரணத்தைச் சொல்வதற்கு முன், பில்லில் உள்ள திகதியைப் பாருங்கள்.

வாரண்டியின்படி அமையாத பொருளை ஒருவர் விற்றால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின் கீழ் முறைப்பாடு செய்யலாம். அதை எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். வாரண்டி ஒரு வருடம்தானே, முறைப்பாட்டுக்கும் அவ்வளவு காலம் இருக்கும் என்று இருந்துவிடாதீர்கள். "கம்பனிக்கு அனுப்பியிருக்கிறோம், அடுத்த கிழமை வாருங்கள்" என்று கடை இழுக்க இழுக்க, ஓடுவது உங்கள் மூன்று மாதம். அதிகார சபை இரு தரப்பையும் விசாரித்து, நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பித் தரவோ உத்தரவிடலாம்.

இனி விஷயத்துக்கு வருவோம். பார்ட்டிஷன் என்பது சேமிப்புத் தட்டில் எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற பதிவு. திரையோ தனியான ஒரு வன்பொருள். பார்ட்டிஷனைப் பிரித்ததால் திரையில் கோடு விழுந்தது என்று கடை சொன்னால், அதைக் கடையே நிரூபிக்க வேண்டும். ஒரு விஷயத்தை நம்பும்படி கேட்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பது சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 103ஆம் பிரிவு.

உங்களிடமும் சாட்சி தயாராக இருக்கலாம். லெப்டொப்பை முழுதாக நிறுத்திவிட்டு மறுபடி போடச் சொல்லுங்கள். விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே, தயாரிப்பாளரின் சின்னம் வரும்போதே கோடு தெரிகிறதா? விண்டோஸுக்கு முன்பே திறக்கக்கூடிய பயோஸ் என்ற அடிப்படை அமைப்புப் பக்கத்திலும் தெரிகிறதா? தெரிந்தால் விண்டோஸுக்கும் பார்ட்டிஷனுக்கும் அதில் பங்கில்லை, ஏனென்றால் அந்த நேரத்தில் விண்டோஸ் இன்னும் எழும்பவே இல்லை. அதைப் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். கோடு விண்டோஸ் வந்த பிறகு மட்டும் விழுந்தால் நிலைமை வேறு. அது டிரைவர், அதாவது திரையை இயக்கும் மென்பொருள், கோளாறாக இருக்கலாம், முதலில் அதைச் சரிபார்க்க வேண்டும்.

வாரண்டி அட்டையை ஒருமுறை வரிவரியாக வாசியுங்கள். மென்பொருள் கோளாறுக்கும் பாவிப்பவரால் வந்த சேதத்துக்கும் பொறுப்பில்லை என்று வழக்கமாகப் போட்டிருப்பார்கள். அது நியாயமானதுதான். விண்டோஸ் எழும்பாத பிரச்சினைக்கு நீங்கள் கேட்டிருந்தால், செலவு உங்களுடையது என்றே சொல்லியிருப்பேன். பார்ட்டிஷனை மாற்றினால் முழு வாரண்டியும் போய்விடும் என்று வெளிப்படையாக எழுதியிருந்தால் மட்டும் அட்டையின் பிரதியை எனக்கு அனுப்புங்கள், என் பதில் மாறக்கூடும். லெப்டொப் கீழே விழுந்ததா, மூடியில் பாரம் வைத்தார்களா என்று மகனிடம் உண்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வெளிக்கடையில் திரையைக் கழற்ற மட்டும் விடவே வேண்டாம். அப்புறம் காரணத்தை நிரூபிப்பது கடைக்கு மிகச் சுலபமாகிவிடும்.

விண்டோஸுக்கு மறுபடி காசு என்பதையும் ஏற்க வேண்டாம். விண்டோஸோடு விற்கும் புதிய லெப்டொப்களில் உரிமக் குறியீடு பொதுவாக மதர்போர்டின் ஃபர்ம்வேரிலேயே (அதில் நிலையாகப் பதித்த மென்பொருளிலேயே) பதிந்திருக்கும். தட்டை முழுவதும் அழித்தாலும் அது போகாது. அதே பதிப்பை மறுபடி போட்டு இணையத்தில் இணைத்தால் தானாகவே செயல்படும். செட்டிங்ஸில் 'ஆக்டிவேஷன்' பகுதியைத் திறந்து பார்த்தால் உறுதியாகிவிடும். மகன் செய்ததும் குற்றமில்லை. சட்டபூர்வமாக வாங்கிய மென்பொருள் பழுதானால் அதற்குப் பதிலாக ஒரு பிரதி எடுக்க, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் அனுமதிக்கிறது. திருட்டு விண்டோஸை மலிவாகப் போட்டுத் தருகிறோம் என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். அது அதே சட்டத்தின் கீழ் உரிமை மீறல்.

லெப்டொப்பைக் கடையில் கொடுக்கும் முன் மகனின் பாடக் கோப்புகளைப் பிரதி எடுங்கள். விண்டோஸ் கோப்புகளைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லொக்கர் போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புக் குறியீட்டையும் எழுதி வையுங்கள். ஒப்படைத்ததற்குத் திகதியும் கோளாறும் எழுதிய ரசீது வாங்குங்கள்.

இன்றே கடைக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். பில் உங்கள் பெயரில் இருப்பதால் நீங்களே கையெழுத்திடுங்கள். பதிலுக்காகக் காத்திருக்காமல், பில், வாரண்டி அட்டை ஆகியவற்றின் பிரதிகளோடு கொழும்பு 2, வொக்ஸோல் வீதியில் உள்ள அதிகார சபையில் முறைப்பாட்டையும் கொடுங்கள். 1977 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்து விவரம் கேட்கலாம், ஆனால் அழைத்ததோடு விட்டுவிடாதீர்கள். சட்டம் கேட்பது எழுத்து. தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பு உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது.