பில் இருக்கிறது, எச்.எஸ்.ஏ.வுக்கு அது போதுமா?

கேள்வி: டெக்சாஸ் மாநிலம் டல்லாஸில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். 2019 மார்ச்சில் எச்.எஸ்.ஏ. (மருத்துவச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்பு) கணக்கு தொடங்கினேன். மருத்துவச் செலவுகளைக் கைக்காசில் கட்டிவிட்டு, கணக்கிலுள்ள பணத்தை முதலீட்டில் வளரவிட்டேன். இப்போது வீட்டுக்கு முன்பணம் தேவை. பழைய பில்களைக் கணக்குக் காட்டி 9,000 டாலர் எடுக்கலாமா? 2021இல் மனைவியின் பிரசவம், 2022இல் ஊருக்குப் போனபோது சென்னையில் எனக்குச் செய்த ரூட் கெனால், அதே பயணத்தில் அப்பாவின் கண்புரை அறுவை சிகிச்சை, பிறகு மனைவியின் பல் வைத்தியம் எல்லாம் இதில் அடக்கம். பாதி பில்கள் வெளுத்துவிட்டன. 2023 முதல் மனைவிக்கு அவர் அலுவலகத்தில் எஃப்.எஸ்.ஏ. (மருத்துவச் செலவுக்கென ஒதுக்கும் வரிச்சலுகைப் பணம்) இருக்கிறது. பில்களை யாரிடம் கொடுக்க வேண்டும்?

பதில்: யாரிடமும் கொடுக்க வேண்டாம். எச்.எஸ்.ஏ. நிறுவனம் பில் கேட்காது. வரிக் கணக்கோடு இணைத்து அனுப்பவும் தேவையில்லை. எவ்வளவு எடுத்தீர்கள் என்று 1099-எஸ்.ஏ. படிவம் அமெரிக்க வரித்துறையான ஐ.ஆர்.எஸ்.ஸுக்குச் சொல்லும், அதில் எவ்வளவு மருத்துவச் செலவு என்பதை ஃபார்ம் 8889இல் நீங்களே எழுதுவீர்கள். கேள்வி வந்தால் நிரூபிக்கும் பொறுப்பும் உங்களுடையதே. யாரும் கேட்கவில்லை என்பதாலேயே பலர் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள்.

செலவு செய்த ஆண்டிலேயே பணத்தை எடுக்க வேண்டும் என்ற கெடு கிடையாது; 2004ஆம் ஆண்டு ஐ.ஆர்.எஸ். அறிவிப்பே இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் செலவு, கணக்கு தொடங்கிய பிறகு நடந்ததாக இருக்க வேண்டும். கணக்கு எப்போது தொடங்கியது என்பதை மாநிலச் சட்டம் தீர்மானிக்கும். படிவத்தில் கையெழுத்திட்ட நாளை நம்பாதீர்கள். முதல் பணம் உள்ளே விழுந்த நாளைப் பாருங்கள்.

பில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு தப்பிக்க முடியாது. மூன்று விஷயங்களைக் காட்ட வேண்டும்: அது தகுதியான மருத்துவச் செலவு, காப்பீடோ எஃப்.எஸ்.ஏ.வோ வேறு யாருமோ அதை ஏற்கெனவே கொடுக்கவில்லை. எந்த ஆண்டிலும் வரிக் கழிவாக நீங்கள் அதைக் காட்டவில்லை. பிரசவத்துக்கு மருத்துவமனை முதலில் அனுப்பிய பில்லை எடுத்து நீட்டாதீர்கள். அதிலுள்ள தொகை வேறு, காப்பீட்டின் ஒப்பந்தத் தள்ளுபடி போக உங்கள் பங்காக வந்த தொகை வேறு. காப்பீட்டு நிறுவனத்தின் இ.ஓ.பி.யும் (காப்பீட்டின் பங்கு எவ்வளவு, உங்கள் பங்கு எவ்வளவு என்று சொல்லும் விளக்கச் சீட்டு) நீங்கள் பணம் கட்டியதற்கான வங்கி ஆதாரமும் சேர்ந்தால்தான் கதை முழுமையாகும். கிரெடிட் கார்டு சீட்டு மட்டும் இருந்தால், யாருக்குப் பணம் போனது என்று தெரியும். எந்தச் சிகிச்சைக்கு என்று தெரியாது.

இனி அப்பாவின் பில். எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். அவர் செலவு முழுவதையும் நீங்கள் பார்த்துக்கொண்டாலும், இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனான பெற்றோர் அமெரிக்க வரிச் சட்டப்படி உங்கள் டிபென்டென்ட் (உங்களைச் சார்ந்தவர்) ஆக மாட்டார், அதனால் அவர் செலவுக்கு இந்தக் கணக்கிலிருந்து எடுக்க முடியாது. அமெரிக்கக் குடிமக்கள், அமெரிக்காவில் வசிப்போராகக் கருதப்படுவோர், கனடா, மெக்சிகோவில் வசிப்போர் என்று அந்த வட்டம் முடிந்துவிடுகிறது. நம்மவர்களுக்கு இது கொஞ்சம் உறுத்தும். என்ன செய்வது, சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

உங்கள் ரூட் கெனால் செல்லும். சிகிச்சை வெளிநாட்டில் நடந்தது தடையில்லை. ரூபாய் பில்லோடு, பணம் கட்டிய நாளின் டாலர் மதிப்பையும் குறித்து வையுங்கள். மருத்துவர் எழுதித் தந்து அங்கேயே வாங்கி அங்கேயே சாப்பிட்ட மாத்திரை, இரு நாடுகளிலும் சட்டப்படி அனுமதிக்கப்பட்டதென்றால் அதுவும் சேரும். பெட்டியில் போட்டுக் கொண்டுவந்த மாத்திரைகள் பொதுவாகச் சேராது.

நீங்கள் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய எஃப்.எஸ்.ஏ. விஷயம்தான் எனக்குக் கவலை. இரண்டு சிக்கல்கள். பல் வைத்தியத்துக்கு அதிலிருந்து பணம் வாங்கியிருந்தால், அதே பில்லை மறுபடி எச்.எஸ்.ஏ.வில் காட்டக் கூடாது. எஃப்.எஸ்.ஏ. நிர்வாகிக்கு அனுப்பிய கோரிக்கைகளின் பட்டியலை இறக்கி ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். இதைவிடப் பெரியது இன்னொன்று: மனைவியின் எஃப்.எஸ்.ஏ. உங்கள் மருத்துவச் செலவையும் ஏற்கும் பொதுவான வகை என்றால், அது இருந்த மாதங்களில் எச்.எஸ்.ஏ.வில் பணம் போடும் தகுதியே உங்களுக்கு இல்லை. பல், கண் இரண்டுக்கு மட்டுமான வகை என்றால் பயமில்லை. பொதுவகை என்று தெரிந்தால் அந்த மாதங்களுக்குப் போட்ட தொகை, உங்கள் நிறுவனம் போட்டது உட்பட, அதிகப்படியாகக் கருதப்படும். சரிசெய்யும்வரை ஆண்டுக்கு 6 சதவீதம் வரி. அந்த வரிக்கு ஃபார்ம் 5329 வேண்டியிருக்கும், வரி ஆலோசகரை நேரில் பாருங்கள். நல்ல வேளையாக, பணம் போடத் தகுதியில்லாத காலத்தில் நடந்த செலவுக்கும் பணம் எடுக்கத் தடை கிடையாது.

வெளுத்த பில்கள் பற்றி. மிஞ்சியவற்றை இன்றைக்கே ஸ்கேன் செய்யுங்கள். தெளிவான மின்பிரதியை ஐ.ஆர்.எஸ். ஏற்கிறது. தொலைந்தவற்றுக்கு இ.ஓ.பி.க்களைக் காப்பீட்டு இணையதளத்தில் இறக்கலாம். மருந்துக்கடையிடம் ஆண்டு வாரியான மருந்துப் பட்டியல் கேளுங்கள். மருத்துவத் தகவல்களுக்கான ஹிப்பா சட்டப்படி உங்கள் சிகிச்சைப் பதிவுகளோடு பில்லிங் பதிவுகளையும் மருத்துவமனையிடம் கேட்கும் உரிமை உண்டு. பொதுவாக 30 நாளில் தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள். உத்தேசக் கணக்கையும் நீதிமன்றம் ஏற்கும் என்று 1930இல் வந்த கோஹன் தீர்ப்பை யாராவது உங்களுக்குச் சொல்லக்கூடும். கணக்கு வைக்காதது வரி கட்டுபவரின் தவறென்றால் அதன் சுமையும் அவர்மேல்தான் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. அதை நம்பிப் பணம் எடுக்காதீர்கள்.

தவறினால் எவ்வளவு போகும்? நீங்கள் 22 சதவீத வரி அடுக்கில் இருந்து, 2,000 டாலர் தகுதியற்றதென்று முடிவானால் வருமான வரி 440, அதன்மேல் 65 வயதுக்குட்பட்டவர்களுக்கான 20 சதவீதக் கூடுதல் வரி 400, ஆக 840 டாலர். வட்டி தனி.

ஆகவே 9,000 என்று முழுத்தொகையாக எடுக்க வேண்டாம். பிரசவம், ரூட் கெனால் போல ஆதாரம் உறுதியாக உள்ளவற்றைக் கூட்டி, அந்தத் தொகையை மட்டும் எடுங்கள். எந்தெந்தப் பில்லுக்காக எடுத்தீர்கள் என்ற பட்டியலை அன்றே எழுதி ஸ்கேன்களோடு சேர்த்து வையுங்கள். ஐ.ஆர்.எஸ். கேள்வி கேட்பதற்கான வழக்கமான மூன்றாண்டுக் கெடு, செலவு செய்த நாளிலிருந்து தொடங்காது; பணம் எடுத்த ஆண்டின் வரிக் கணக்கைத் தாக்கல் செய்ததிலிருந்துதான் தொடங்கும். 2021 பில்லுக்கு 2026இல் பணம் எடுத்து 2027 ஏப்ரலில் தாக்கல் செய்தால், 2030 ஏப்ரல்வரை அந்தக் காகிதம் உங்களிடம் இருக்க வேண்டும்.