வெயிலில் வளைந்த தலைக்கவசத்துக்கு யார் பொறுப்பு? கவச உடை செய்வோரின் கேள்விகள்

அறிவியல் புனைகதை வீரர்களின் கவசங்களைத் தாங்களே செய்து, போரில் அடிபட்டதுபோல் பழமையாக்கி அணியும் காஸ்ப்ளே என்ற பொழுதுபோக்கு பற்றி இம்முறை பல கேள்விகள் வந்திருக்கின்றன. திருகோணமலையின் வெயிலும் உப்புக்காற்றும் எல்லாவற்றிலும் தலைநீட்டுவதால் சேர்த்தே பதில் தருகிறேன்.

கேள்வி (பாலையூற்று): 3டி பிரின்ட் செய்த தலைக்கவசம் ஒன்றைக் கொழும்பில் உள்ளவரிடம் ஒன்லைனில் வாங்கினேன். நிலாவெளிக்குப் படம் எடுக்கப் போன இடத்தில் காருக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். வந்து பார்த்தால் கன்னப் பக்கம் உள்ளே சப்பிக் கிடக்கிறது. "வெயிலில் வைத்தது உங்கள் பிழை" என்கிறார் விற்றவர். காசு திரும்பக் கிடைக்குமா?

பதில்: உங்களுடையது அநேகமாக பிஎல்ஏ பிளாஸ்டிக்காக இருக்கும். மலிவு, பிரின்ட் செய்யவும் சுகம். ஆனால் 60 பாகை செல்சியஸ் அளவிலேயே இளகத் தொடங்கிவிடும். நம் ஊர் மதிய வெயிலில் கண்ணாடி பூட்டிய காருக்குள், அதுவும் டாஷ்போர்டில், அந்தச் சூடு சாதாரணமாக வரும். ஆகவே பொருளில் பழுது இருந்ததாகச் சொல்ல முடியாது. வாங்கும்போது என்ன பேசிக்கொண்டீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

பழைய மெசேஜ்களை எடுத்துப் பாருங்கள். "திருகோணமலையில் வெளியில் போட்டுப் படம் எடுக்க" என்று நீங்கள் எழுதி, அவரும் "பிரச்சினையில்லை" என்று சொல்லியிருந்தால் உங்கள் பக்கம் வலுவானது. வாங்குபவர் தேவையைச் சொல்லி, வியாபாரியின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்தத் தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. கொடுத்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாத பொருள் பற்றி பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம். வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். தகவல் கேட்க 1977க்கு அழைக்கலாம். பில், காசு அனுப்பிய ஆதாரம், படங்கள் எல்லாவற்றையும் இணையுங்கள்.

ஒன்றும் பேசாமல் விலை மட்டும் கேட்டு வாங்கியிருந்தால் முழுக் காசும் வருவது கஷ்டம். அப்படியானால் கூடச் சூடு தாங்கும் பெட்ஜி அல்லது ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் விலை குறைத்து ஒன்று அடித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். முதலாவது 80 பாகை வரைக்கும், இரண்டாவது 100 வரைக்கும் தாக்குப்பிடிக்கும். வளைந்ததையும் எறிந்துவிட வேண்டாம். சூடான காற்று ஊதும் ஹீட் கன்னைக் குறைந்த சூட்டில் தூரமாகப் பிடித்து, இளகியதும் பழைய வடிவத்துக்குத் தள்ளி, ஆறும்வரை அசையாமல் பிடித்தால் ஓரளவு சரிவரும். பெயின்ட் மட்டும் வெடிக்கும், திரும்ப அடிக்க வேண்டிவரும்.

கேள்வி (கிண்ணியா): பிள்ளைகள் விளையாடும் பசில் மேட்டும் "காஸ்ப்ளே ஃபோம்" என்று கூடின விலைக்கு விற்பதும் ஒன்றுதானா?

பதில்: பெரும்பாலும் இரண்டும் ஈவிஏ என்ற ரப்பர்போன்ற ஃபோம்தான், அடர்த்திதான் வேறுபடும். கடையில் வைத்தே பெருவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் உடனே எழும்பி வந்தால் வாங்கலாம். வெட்டிய ஓரத்தில் பெரிய பெரிய குமிழிகள் தெரிந்தால் விட்டுவிடுங்கள், மண்தாள் போட்டால் பிய்ந்துபோகும். மார்புக் கவசத்துக்கு 10 மில்லிமீட்டர், கை கால் துண்டுகளுக்கு 5, அலங்காரக் கோடுகளுக்கு 2 போதும். பசில் மேட் 10 மில்லிமீட்டர் அளவில் வருவதால் மார்புக்கு அதுவே காணும், மெல்லியதை மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள்.

டிவி பெட்டிக்குள் வரும் வெள்ளை மெழுகுபோன்ற ஃபோமை ஈவிஏ என்று தந்தால் எடுக்க வேண்டாம், அதில் பசை சரியாகப் பிடிக்காது. ரெஜிபோமைப் (தெர்மோகோல்) பற்றியும் கேட்டிருந்தீர்கள். சப்பாத்துக் கடைக்காரர் பாவிக்கும் மஞ்சள் பசை பட்டாலே அது கரைந்துவிடும்.

கேள்வி (உவர்மலை): கவசம் முடிந்துவிட்டது, ஆனால் புதுப் பொம்மைபோல் பளபளக்கிறது. பழமையாக்கும் பொடிகள், திரவங்கள் அடங்கிய பெட்டி ஒன்று வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்க யோசிக்கிறேன். சுங்க வரியும் சேர்ந்தால் ஃபோமுக்குச் செலவழித்ததைவிடக் கூட வருகிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். முதல் கவசத்துக்கு அது வீண் செலவு. துருநிறப் பொடிகளில் இருப்பது பெரும்பாலும் இரும்பு ஒக்சைட். சீமெந்து நிலத்துக்குப் போடும் சிவப்பு, மஞ்சள், கறுப்பு நிறப்பொடியும் அதே இனம்தான். ஹாட்வெயாரில் நிறுத்து வாங்கலாம். இன்னும் தேவைப்படுவது புத்தகக்கடையில் கிடைக்கும் அக்ரிலிக் கறுப்பு, மண்ணிறம், வெள்ளி நிறங்களும், கடைசியில் அடிக்க மினுக்கமில்லாத வார்னிஷும்தான்.

இந்த வேலையில் காசைவிடக் கண் முக்கியம். கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் கட்டியிருக்கும் பலநாள் படகுகளைக் கிட்ட நின்று பாருங்கள். வெள்ளை பைபர் உடம்பில் ஓர் இரும்பு ஆணி. அதன் தலையைச் சுற்றிக் கிட்டத்தட்டக் கறுப்பு. அதிலிருந்து கீழ்நோக்கி ஒரு கோடு இறங்குகிறது: மேலே கடும் மண்ணிறம், போகப் போகச் செம்மஞ்சள், ஒரு சாண் தாண்டும்போது வெறும் மஞ்சள் நிழல். துரு மழையோடு வழிந்து இறங்குவது, ஒருநாளும் பக்கவாட்டில் ஓடாது. தோள்பட்டையில் துரு போடும்போது, அணிந்தவர் நிமிர்ந்து நின்றால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று நினைத்துப் பாருங்கள். மேசையில் படுக்க வைத்துப் பூசுகிறவர்கள் பிழைவிடுவது இந்த இடத்தில்தான்.

இன்னொன்றையும் முதலே முடிவெடுங்கள்: உங்கள் வீரனின் கவசம் என்ன உலோகம்? அலுமினியம் என்றால் சிவப்புத் துரு வரவே கூடாது. அது மங்கி, வெள்ளைப் பொடி பூக்கும்.

அடியில் கறுப்பு, அதன்மேல் வெள்ளி. காய்ந்ததும் கை அடிக்கடி படும் ஓரங்கள், முழங்கை, முழங்கால் ஆகிய இடங்களில் பற்பசையைத் திட்டுத் திட்டாக ஒற்றிவிட்டு மேல்நிறம் அடியுங்கள். பிறகு ஈரத்துணியால் தேய்த்தால் பற்பசை கழன்று, பெயின்ட் உரிந்த இடத்தில் உலோகம் தெரிவதுபோல் வெள்ளி எட்டிப் பார்க்கும். கறுப்பையும் மண்ணிறத்தையும் தண்ணீரில் நன்றாகக் கரைத்துப் பூசி, காயுமுன் துடைத்தால் பள்ளங்களில் அழுக்கு தங்கும். நிறப்பொடியைக் கடைசியில், அதுவும் கொஞ்சமாக. எல்லா இடமும் ஒரே அளவு அழுக்கானால் கவசம் பழையதாகத் தெரியாது, கழுவாததாகத்தான் தெரியும்.

காசு செலவழிக்க வேண்டிய இடம் அடிப்பூச்சு. ஹீட் கன்னால் ஒரு தடவை சூடுகாட்டி ஃபோமின் துளைகளை மூடியபின், வெள்ளைப் பசையைக் கரைத்துப் பூசுவது மலிவான வழி. ஆனால் அந்தப் பசை ஈரத்திலும் வியர்வையிலும் திரும்ப இளகும். இந்த ஊருக்கு ரப்பர் பூச்சு ஸ்ப்ரே வாங்குவதே நல்லது. கடலுக்குக் கிட்ட வீடு என்றால், இரவு விறாந்தையில் வைத்த துண்டில் காலையில் உப்புப் படிந்திருக்கும். நல்ல தண்ணீர்த் துணியால் துடைத்து உலர்த்தாமல் பெயின்ட் அடித்தால் பிறகு தோல் தோலாக உரியும். அதற்குப் பெயின்ட் கடையைக் குறைசொல்ல முடியாது.

காய்ந்த கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஸ்ப்ரே துளிகள் போய்ப் படுமுன்பே காய்ந்து சொரசொரப்பாகும். விடியற்காலையில் அடியுங்கள். மாரியில் ஈரக்காற்றால் லாக்கர் பெயின்ட் வகைகள் பால்போல் வெளுக்கும், அந்த நாட்களைத் தூரிகை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மூதூர்): மகன் அறையைப் பூட்டிக்கொண்டு பசை பூசுகிறான். துணி மாஸ்க் போட்டிருக்கிறேன், ஒன்றும் செய்யாது என்கிறான். சரியா?

பதில்: சரியில்லை அம்மா. துணி மாஸ்க்கோ தூசி மாஸ்க்கோ பசையின் ஆவியை மறிக்காது. கரைப்பான் ஆவிக்கென்று கார்ட்ரிட்ஜ் (ஆவியை வடிகட்டும் குப்பி) பூட்டிய மாஸ்க் இருக்கிறது, அதைத்தான் வாங்க வேண்டும். பெட்டியில் எதற்கான கார்ட்ரிட்ஜ் என்று எழுதியிருப்பதை வாசித்து எடுங்கள். பசையும் ஸ்ப்ரேயும் தீப்பற்றும், ஆகவே வேலை முற்றத்தில், அடுப்புக்குத் தூரமாக நடக்கட்டும். ஹீட் கன்னும் பசையும் ஒரே நேரத்தில் கையில் இருக்கவே கூடாது. மகனுக்குப் பரிசு ஏதும் வாங்க நினைத்திருந்தால் இந்த மாஸ்க்கை வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி (சாம்பல்தீவு): முழுக் கவசத்தோடும் விளையாட்டுத் துவக்கோடும் பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் படம் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது, அந்த வழியாகத்தான் சனம் கோணேசர் கோயிலுக்குப் போகிறது. தூரத்தில் நிற்பவருக்கு உங்கள் துவக்கு ஃபோம் என்று தெரியாது. துறைமுகக் கடற்படைப் பகுதிக்கும் இதே பதில்தான். தெரிந்தவரின் காணியிலோ, முன்கூட்டியே அனுமதி கேட்ட ஹோட்டல் வளவிலோ எடுங்கள். போகும் வழியில் துவக்கு பைக்குள் இருக்கட்டும். தலைக்கவசத்துக்குள் கணினி விசிறி ஒன்றைப் பவர் பேங்கில் பூட்டிக்கொள்ளுங்கள், கால் மணிக்கு ஒருதரம் கழற்றித் தண்ணீர் குடியுங்கள். கழற்றிய கவசத்தை மறந்தும் காருக்குள் வைக்க வேண்டாம்.