அறுவடை வாரத்தில் பாடம் எதற்கு?

அன்புள்ள ஐயா,

மூன்று வருடங்களுக்கு முன் நகரத்தை விட்டு ஒரு கிராமத்துக்குக் குடிவந்தோம். இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலாக நிலம் இருக்கிறது. மகனுக்குப் பன்னிரண்டு வயது, மகளுக்கு எட்டு. இருவருக்கும் வீட்டிலேயே நாங்கள் சொல்லிக்கொடுக்கிறோம். பக்கத்தில் இன்னும் நான்கு குடும்பங்கள் எங்களைப் போலவே இருக்கின்றன. விதைப்பு, களையெடுப்பு, அறுவடை என்று அந்தந்தக் காலத்து வேலைக்கு ஒருவர் நிலத்துக்கு மற்றவர்கள் போவோம். பிள்ளைகளும் கூட வருவார்கள்.

முதலில் காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை பாடம் என்று டைம்டேபிள் போட்டோம். விதைப்பு வந்ததும் அது போயிற்று. சரி, வேலையையே பாடமாக்கிவிடலாம் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பயிற்சித்தாள் தயாரித்தேன். விதைப்புக்குத் தாவரவியல், மழைக்கு நிலவியல், அறுவடைக்குக் கணக்கு. முதல் வருடம் ஆசையாகச் செய்தார்கள். இப்போது தாளை எடுத்தாலே மகள் ஓடிவிடுகிறாள். மகன் பின்னக் கணக்கில் இன்னும் தடுமாறுகிறான். சொந்தக்காரர்கள் பிள்ளைகளை வீணாக்குகிறாய் என்கிறார்கள். "பருவத்தே பயிர் செய்" என்று என் அம்மாவே எனக்கு எதிராகச் சொல்லிவிட்டார்.

பருவகால வேலைகளைக் கல்வியாக மாற்ற ஒழுங்கான திட்டம் ஏதாவது சொல்லுங்கள். மகன் இப்போதெல்லாம் மாலையில் சாலைப் பக்கம் போய், பள்ளி வண்டி திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அவனுக்கு அது ஒரு பொழுதுபோக்கு. பெயரும் ஊரும் போட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மகள் ஓடுவதில் தப்பே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தத் தாள்களை எடுத்து ஓரமாக வையுங்கள். இதே தப்பை நானும் செய்தவன் என்பதால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

என் மகளுக்கு ஒன்பது வயது இருக்கும்போது பக்கத்து நிலத்துப் பெரியவர் ஒருவர் விதைப்புக்கு முன்னால் விதையைச் சோதித்துக்கொண்டிருந்தார். ஐம்பது விதையை எண்ணி, ஈரத்துணியில் வரிசையாகப் பரப்பி, பாய் மாதிரி சுருட்டி நிழலில் வைத்தார். துணி காயாமல் தண்ணீர் தெளிக்கும் வேலை இவளுக்கு. ஆறாம் நாள் பிரித்தார்கள். அவருக்குக் கண் சரியாகத் தெரியாது, அதனால் எண்ணும் வேலையும் இவள் தலையில் விழுந்தது. மூன்று முறை எண்ணினாள். வீட்டில் எந்தக் கணக்கையும் அவள் இரண்டாம் முறை பார்த்ததே இல்லை. முளைத்தது நாற்பத்தொன்று. "நூத்துக்கு எத்தனை?" என்றார். எண்பத்திரண்டு என்றாள். "அப்போ அஞ்சுல ஒரு பங்கு கூடப் போடணும்" என்று சொல்லிவிட்டு அவர் துணியை உதறிக் காயப்போட்டார்.

அன்று ராத்திரி இவள் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்துவிட்டாள். பதினெட்டு முளைக்கவில்லை என்றால் பதினெட்டு கூடப் போட்டால் போதாதா, தாத்தா ஏன் இருபது சொன்னார்? அரைமணி நேரம் கழித்து அவளே வந்தாள். "கூடப் போடுற பதினெட்டுலயும் முளைக்காதது இருக்குமேப்பா!" உட்கார்ந்து போட்டுப் பார்த்தோம். 118 விதை போட்டால் 97 செடிதான் வரும். நூறு செடி வேண்டுமென்றால் 122 விதை போட வேண்டும். பெரியவர் வாய்க்கணக்காகச் சொன்னது, சரியான விடைக்கு இரண்டே விதை குறைவு.

நான் அதோடு விட்டிருக்க வேண்டும். மறுநாளே உற்சாகம் தாங்காமல் "ஒரு விவசாயியிடம் 240 விதைகள் உள்ளன" என்று ஆரம்பித்து எட்டுக் கணக்கு எழுதி நீட்டினேன். மளமளவென்று போட்டு முடித்துக் கொடுத்துவிட்டாள். அந்த வருடம் அந்தத் துணிப்பக்கம் அவள் திரும்பிப் போகவே இல்லை.

துணியில் இருந்தது நிஜக் கேள்வி. தப்பாக எண்ணினால் ஒருவருடைய வயலில் சொட்டை விழும். என் தாளில் இருந்தது விடை தெரிந்தவன் கேட்கும் கேள்வி. இந்த வித்தியாசம் பிள்ளைகளுக்கு உடனே தெரிந்துவிடுகிறது. அறுவடையில் மூட்டை எண்ணும்போது உங்கள் மகனிடம் எண்ணிக்கையை ஒப்படையுங்கள், அவன் சொல்லும் எண்ணை வைத்தே பங்கு பிரியுங்கள். அதற்கு மேல் அதிலிருந்து ஒரு பாடத்தையும் பிழியாதீர்கள்.

அப்படியானால் பாடம் எப்போது? உங்கள் டைம்டேபிள் விதைப்பில் போயிற்று என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். வருடம் முழுக்க ஒரே மாதிரி ஒன்பது மணிக்கு மணியடிக்கும் ஏற்பாடு விவசாய வீட்டுக்கு எப்போதுமே பொருந்தியதில்லை. நீண்ட கோடை விடுமுறையே பிள்ளைகள் வயலில் வேலை செய்யத்தான் வந்தது என்று பலர் நம்புகிறார்கள். யோசித்தால் அது இடிக்கும். பல நாடுகளில் விதைப்பு வசந்தத்தில், அறுவடை இலையுதிர் காலத்தில். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கிராமப் பள்ளிகள் குளிர்காலத்தில் ஒரு பருவமும் கோடையில் ஒரு பருவமும் நடந்தன, விதைப்புக்கும் அறுவடைக்கும் மூடிக்கொண்டன. நீண்ட கோடை விடுமுறை நகரத்துச் சரக்கு. வெக்கைக்குப் பயந்து, வசதியுள்ள குடும்பங்கள் ஊரை விட்டுக் கிளம்பிய காலத்தை ஒட்டி வந்தது. ஸ்காட்லாந்தில் அக்டோபர் விடுமுறையை இன்னமும் உருளைக்கிழங்கு விடுமுறை என்று சொல்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில், அரூஸ்டுக் வட்டாரத்தில், கிழங்கு தோண்டுவதற்காகப் பள்ளிக்கு விடுமுறை விடும் வழக்கம் நம் காலம் வரை வந்திருக்கிறது. பள்ளிக்கூடங்களே வளைந்துகொடுத்திருக்கும்போது வீட்டில் நடத்தும் நீங்கள் எதற்கு விறைத்துக்கொண்டு நிற்க வேண்டும்?

ஆகவே அறுவடை வாரங்களில் பாடம் வேண்டாம். 'இன்று பாடம் நடக்கவில்லையே' என்ற உறுத்தலும் வேண்டாம், முழுசாக விட்டுவிடுங்கள். வேலை ஓய்ந்திருக்கும் மாதங்களில் காலையில் இரண்டு மணி நேரம் கறாராக உட்காருங்கள். வருடம் கோணல்மாணலாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

ஆனால் ஓய்ந்த மாதத்தில் கட்டாயம் உட்கார வேண்டும். இயற்கையே எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்துவிடும் என்று வீட்டுக்கல்விக்காரர்கள் சிலர் கண்மூடிக்கொண்டு சொல்வார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வாசிக்கவும் எழுதவும் வயல் சொல்லித்தராது. பின்னக் கணக்கும் அப்படித்தான். மூன்றில் ஒரு பங்கையும் நான்கில் ஒரு பங்கையும் எப்படிக் கூட்டுவது என்று ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து காட்ட வேண்டும், பிள்ளை ஐம்பது முறை போட்டுப் பழக வேண்டும். என் மகள் அன்று அந்த விடையைக் கண்டுபிடித்தாள் என்றால், அதற்கு முந்தைய ஓய்வு மாதத்தில் சதவீதம் என்ற ஒன்றை அலுப்போடு படித்து வைத்திருந்தாள். உங்கள் மகனுக்குப் பின்னம்தான் முதல் வேலை. அடுத்த ஓய்வுக்காலத்தில் தாவரவியல், நிலவியல் எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு அதை முடியுங்கள். நாளுக்கு அரைமணி நேரம் போதும்.

பருவத்துக்கென்று ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று கை துறுதுறுத்தால் ஒரு நோட்டு போடுங்கள். பிள்ளைகளின் நோட்டு இல்லை, வீட்டு நோட்டு. தினமும் யாராவது ஒருவர் ஒரே ஒரு வரி எழுத வேண்டும். முதல் தவளைச் சத்தம், தும்பி கூட்டமாகப் பறந்த நாள், வாசல் மரம் இலை உதிர்க்க ஆரம்பித்தது. எழுத்துப்பிழை இருந்தால் திருத்தாதீர்கள். உங்கள் முறை வரும்போது நீங்களும் எழுதுங்கள், அதுதான் முக்கியம்.

இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதியில் ராபர்ட் மார்ஷம் என்று ஒரு நிலக்காரர் இருந்தார். 1736இல் இப்படித்தான் குறிப்பு எழுத ஆரம்பித்தார். முதல் பூ, முதல் தளிர், தவளை கத்தியது, தகைவிலான் குருவி வந்தது என்று வசந்தத்தின் 27 அறிகுறிகள். அவர் போன பிறகு பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எழுதினார்கள். நடுவில் சில காலம் விட்டுப்போயிருக்கிறது, ஆனாலும் 1958 வரை அந்தக் குடும்பம் எழுதியது. இன்றைக்குப் பருவநிலை மாற்றத்தை ஆராய்கிறவர்கள் அந்தக் குறிப்புகளைத் தேடிப் போகிறார்கள். மார்ஷம் குடும்பம் எதையும் பாடமாக நினைத்து எழுதியதாகத் தெரியவில்லை. அவர் மரம் நடுவதில் பைத்தியமாக இருந்த மனிதர், எப்போது எது தளிர்க்கிறது என்று அவருக்கே தெரிய வேண்டியிருந்தது.

முதல் வருடம் இந்த நோட்டு சப்பென்று இருக்கும். முந்தைய வருடத்துப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடிகிற இரண்டாம் வருடத்தில்தான் சூடு பிடிக்கும். "போன வருஷம் தவளை பதினோரு நாள் முன்னாடியே கத்திடுச்சு" என்று மகள் ஓடிவந்து சொல்லும் நாள் வரும். அன்றைக்கும் தாள் எடுக்காதீர்கள்!

ஐந்து குடும்பங்கள் இருக்கிறீர்களே, ஆளுக்கு ஒரு மழைமானியும் வைக்கலாம். அடி முதல் வாய் வரை ஒரே அகலமாக இருக்கிற ஒரு டப்பாவும் ஒரு ஸ்கேலும் போதும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். அறுபது சதுர மீட்டர் கூரையில் பத்து மில்லிமீட்டர் பெய்தால் அறுநூறு லிட்டர் ஓடிப்போயிற்று என்று பிள்ளைகளே கணக்குப் போட்டு உங்களைக் குறை சொல்வார்கள். ஒரே மழை ஐந்து வீட்டு டப்பாவிலும் ஐந்து அளவாக நிற்பதை அவர்களே பார்க்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாதீர்கள்.

நோட்டு இரண்டு வருடம் ஓடிய பிறகு இன்னொன்று செய்து பாருங்கள். நம் பழைய இலக்கணம் வருடத்தை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். பட்டியல் மழையில் ஆரம்பிக்கிறது, கவனியுங்கள். பனி இரவின் முன்பாதியில் விழுகிறதா பின்பாதியில் விழுகிறதா என்று பார்த்து அதையே இரண்டு காலமாக வைத்தவர்கள், ராத்திரி வெளியே நின்று கவனித்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். நீங்கள் இருக்கும் நிலத்துக்கு இந்த ஆறும் அப்படியே பொருந்த வேண்டியதில்லை. நான்கு வரலாம், ஏழு வரலாம். எங்கே கோடு போடுவது, என்ன பெயர் வைப்பது என்று பிள்ளைகள் சண்டை போட்டு முடிவு செய்யட்டும். என் மகள் ஒரு காலத்துக்கு "ஈசல்" என்று பெயர் வைத்தாள். மூன்றே நாள் கொண்ட காலம். நாங்கள் ஒத்துக்கொண்டோம்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம், பையன் பின்னக் கணக்கைச் சரியாகப் போட்டால் பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள். அம்மா சொன்னதில் உங்களுக்கு எதிராக ஒன்றுமில்லை. எதை எந்தப் பருவத்தில் செய்வது என்பதுதானே உங்கள் கேள்வியும். மருந்து தெளிக்கும் நாளிலும் இயந்திரம் ஓடும் இடத்திலும் பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். பிள்ளைகள் வராவிட்டால் வேலை நின்றுபோகும் என்ற நிலை இருந்தால், அதற்குக் கல்வி என்று பெயர் வைக்காமல் கூலிக்கு ஆள் தேடுங்கள். அப்புறம் சட்டம். ஜெர்மனியில் பள்ளிக்கு நேரில் போயே ஆக வேண்டும், அபூர்வமாகத்தான் விலக்குக் கிடைக்கும். அமெரிக்காவில் 1993 வாக்கில் எல்லா மாநிலங்களிலும் வீட்டுக்கல்வி சட்டப்படி செல்லும் என்று ஆகிவிட்டது. நீங்கள் இருக்கும் இடத்தில் என்ன விதி, பின்னால் பொதுத்தேர்வு எழுத என்ன வழி என்று இப்போதே விசாரித்து வையுங்கள். பையனுக்குப் பன்னிரண்டு ஆகிவிட்டது.

அவனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தில் பயிற்சித்தாளுக்கு ஒரு பத்தி போயிருக்கிறது, அவன் சாலையில் நிற்பதற்கு ஒரே வரி. நான் அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு. ஆமிஷ் என்று, நவீன வசதிகளிலிருந்து விலகிக் கிராமத்தில் கூட்டமாக வாழும் கிறித்தவ மக்கள். எட்டாம் வகுப்போடு போதும், அதற்கு மேல் நிலமும் வீடும் சொல்லிக்கொடுக்கும் என்று மூன்று தகப்பன்மார் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். விஸ்கான்சின் மாநிலம் அபராதம் போட்டது. உச்ச நீதிமன்றம் பெற்றோர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி வில்லியம் டக்ளஸ் மட்டும் ஓரளவு மாறுபட்டார். ஒரு பிள்ளைதான் இங்கே வந்து தன் விருப்பத்தைச் சொல்லியிருக்கிறது, மற்ற இருவரை யாருமே கேட்கவில்லையே என்பது அவர் ஆட்சேபம். தீர்ப்பு எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் அந்த வழக்கை நினைக்கும்போதெல்லாம் டக்ளஸ்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறார்.

உங்கள் மகனுக்குப் பள்ளிக்குப் போகும் ஆசை இருக்கலாம். வண்டியில் வரும் யாரோ ஒரு பையனோடு சிநேகமாக வேண்டும் என்று இருக்கலாம். வண்டியின் இன்ஜின் சத்தம் மட்டுமே பிடித்திருக்கலாம். எதுவென்று இங்கே உட்கார்ந்து என்னால் சொல்ல முடியாது. பொழுதுபோக்கு என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்கள், அவனைக் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை.

நாளை மாலை வண்டி வரும் நேரத்துக்கு நீங்களும் போய் அவன் பக்கத்தில் நில்லுங்கள். முதல் நாள் ஒன்றும் கேட்க வேண்டாம். இரண்டு மூன்று நாள் போனால் அவனே ஏதாவது சொல்வான். என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள். பருவகாலத் திட்டத்தை அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்