ஏற்காட்டில் இருக்கும் அப்பாவுக்கு 4 வருஷம் ஆன காது மெஷினை மாற்ற வேண்டுமா?

கேள்வி இதுதான்: காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின், வாங்கி 4 வருஷம். மழைக்காலம் வந்தால் சத்தம் விட்டுவிட்டு வருகிறது. சேலத்தில் வாங்கிய கடையில் "ஆயுசு முடிஞ்சிடுச்சு, புதுசு போட்டுடுங்க" என்கிறார்கள். மாற்றலாமா?

4 வருஷம் ஆகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக மாற்றாதீர்கள். காதுக்குப் பின்னால் மாட்டும் வகை சாதாரணமாக 5 முதல் 7 வருஷம் உழைக்கும். காதுக்குள்ளேயே முழுசாகப் போகும் சின்ன வகை 3 முதல் 5 வருஷம்தான். குறும்பியும் ஈரமும் நேராக அதன் ஸ்பீக்கரில் போய் இறங்குவதால் சீக்கிரம் போகிறது. மெல்லிய ஒயர் முனையில் ரிசீவர், அதாவது ஸ்பீக்கர், இருக்கும் வகையில் ரிசீவர்தான் முதலில் போகும். அதை மட்டும் தனியாக மாற்றிக்கொள்ளலாம், மெஷினையே மாற்ற வேண்டியதில்லை.

நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் முதல் சந்தேகம், மெஷினிலிருந்து காதுக்குச் சத்தத்தைக் கொண்டுபோகும் டியூபின் மேல்தான். காதுக்குள்ளிருந்து வரும் சூடான ஈரக்காற்று, ஏற்காட்டுக் குளிரில் டியூபுக்குள் நீர்த்துளியாக நிற்கும். டியூபை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கடுகளவு துளி ஒன்று குறுக்கே நின்றாலே சத்தம் அடைபடும், அது நகர்ந்தால் திரும்ப வரும். காதின் மேல் வளைந்து மாட்டும் ஹூக்கையும் டியூபையும் இரு கையில் பிடித்து மெதுவாகத் திருகிக் கழற்றி, ரப்பர் பல்பு ஊதியால் டியூபை ஊதுங்கள். வாயால் ஊதினால் இன்னும் ஈரம்தான் சேரும். ஹேர் டிரையர், குண்டூசி இரண்டும் வேண்டவே வேண்டாம்.

டியூபைக் கழற்றிய கையோடு ஒரு சோதனை. மெஷினை ஆன் செய்து, சத்தத்தைக் கூட்டி, உள்ளங்கையில் மூடிப் பிடியுங்கள். விசிலடித்தால் உள்ளே மைக், ஆம்ப்ளிஃபயர், ரிசீவர் எல்லாம் வேலை செய்கின்றன. கோளாறு டியூபிலோ, காதுக்குள் உட்காரும் மோல்டிலோதான். விசில் வராவிட்டால் உடனே செத்துப்போனதாக முடிவு கட்டாதீர்கள். இப்போதைய டிஜிட்டல் மாடல்கள் விசிலைத் தாமாகவே அடக்கிவிடும். சில மாடல்களில் ஹூக்குக்குள் டேம்பர் என்று சின்ன வலை ஒன்று இருக்கும், ஈரம் பட்டால் அதுவும் அடைத்துக்கொள்ளும்.

டியூபை 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும். மஞ்சளாகி விறைத்துவிட்டால் சுருங்கும், மோல்டு காதில் ஒழுங்காக உட்காராது, விசில் வரும். 4 வருஷமாக ஒரே டியூப் என்றால் கோளாறு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஈரம் தங்காத டியூப் என்று கொஞ்சம் தடிப்பாகத் தனியாக வருகிறது. மலையில் இருப்பவர்கள் அதையே கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது.

அடுத்து பேட்டரிக் கதவைத் திறந்து பாருங்கள். தகட்டில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் ஈரமோ வியர்வையோ உள்ளே போயிருக்கிறது. லேசாக இருந்தால் காய்ந்த பட்ஸால் துடைத்தால் போதும், அரித்திருந்தால் சர்வீஸ்தான். சேலம் வெயிலில் வியர்வை செய்வதை ஏற்காட்டில் பனிமூட்டம் செய்கிறது. ராத்திரி செல்லை வெளியே எடுத்துவிட்டு, கதவைத் திறந்தபடியே மெஷினை சிலிகா ஜெல் டப்பாவில் போடுங்கள். செல்லை உள்ளே போடக்கூடாது, ஜிங்க் செல் உலர்ந்து சீக்கிரம் தீரும். நீல ஜெல் இளஞ்சிவப்பானாலும் ஆரஞ்சு ஜெல் பச்சையானாலும் வேலை முடிந்தது என்று அர்த்தம். அதைச் சமையல் வாணலியில் வறுக்காதீர்கள். நீல வகையில் கோபால்ட் இருக்கிறது. புது செல்லின் ஸ்டிக்கரை உரித்த பிறகு 2, 3 நிமிஷம் காற்றுப்படவிட்டுப் போடுங்கள். சார்ஜ் செய்யும் மாடலாக இருந்தால் லித்தியம் பேட்டரி 4, 5 வருஷத்தில் தளர்வது இயல்பு. பேட்டரி மட்டும் மாற்றித் தருவார்களா என்று முதலில் கேளுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் சத்தம் போதவில்லை என்றால், பழுது மெஷினிலா காதிலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். புதுசு வாங்கச் சொல்பவர்கள் பலர் தாண்டிப்போகும் இடம் இதுதான். காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் சோதனை எடுத்துப் பழையதோடு ஒப்பிடுங்கள். கேட்கும் திறன் 10, 15 டெசிபல் இறங்கியிருந்தால் பெரும்பாலும் மறு புரோகிராமிங்கிலேயே சரியாகும். மெஷினின் சத்தத்தை அளக்கும் டெஸ்ட் பாக்ஸில் அதை ஓட்டி, அந்த மாடலின் டேட்டா ஷீட்டில் உள்ள அளவு இப்போதும் வருகிறதா என்றும் காட்டச் சொல்லுங்கள். இரண்டு தாளும் கைக்கு வராமல் பணம் கட்டாதீர்கள். ஒன்று மட்டும் அவசரம்: ஒரே நாளில் திடீரென்று காது கேட்காமல் போனால் மெஷினை நோண்டிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

மாற்றித்தான் ஆக வேண்டிய நிலைமைகளும் உண்டு. காதின் குறைபாடு அந்த மாடலின் எல்லையைத் தாண்டிவிட்டது, கம்பெனி ஸ்பேர் நிறுத்திவிட்டது, வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை சர்வீஸுக்குப் போகிறது, அல்லது ரிப்பேர் செலவு புது மெஷினில் பாதியைத் தொடுகிறது. கடைசியில் சொன்னது என் கணக்கு, சட்டமில்லை.

கையில் காசு இறுக்கமென்றால் மாற்றுத்திறனாளிகளுக்கு உதவி உபகரணங்கள் தரும் மத்திய அரசின் ஏடிஐபி (ADIP) திட்டம் இருக்கிறது. 40 சதவீத ஊனச் சான்றும் வருமானச் சான்றும் வேண்டும். ஒரு முறை வாங்கினால் 3 வருஷம் கழித்துத்தான் மறுபடி கிடைக்கும், 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு 1 வருஷம். சேலம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் அடுத்த முகாம் எப்போது என்று சொல்வார்கள்.

புதுசே வாங்கினாலும் பழையதை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடாதீர்கள். அதற்கு வைக்கும் விலை சொற்பம்தான். புது மெஷின் சர்வீஸுக்குப் போகும் வாரங்களில் அப்பாவுக்கு அதுதான் கைகொடுக்கும். செல்லை எடுத்துவிட்டு ஜெல் டப்பாவில் போட்டு வையுங்கள்.