கொழுந்து முறிவதை விரல் உணர: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மெய்நிகர் தேயிலை மலையில் கொழுந்து பறிப்பதற்கு ஓர் அதிர்வுக் கையுறை செய்கிறோம். ஐந்து விரலுக்கும் ஐந்து நாணய வடிவ அதிர்வு மோட்டர்களை ஈஎஸ்பி32 என்ற நுண்கட்டுப்பாட்டுப் பலகையின் பின்களிலேயே பொருத்தினோம். அதிர்வு மந்தம். எல்லாம் ஒன்றாக ஓடினால் பலகை ரீசெட் ஆகிறது. கொழுந்து முறிவதும் விரலுக்குத் தெரியவில்லை.
– உயர்தர தொழினுட்பப் பிரிவு மாணவி, ஹட்டன்

பதில்: மோட்டர்களை உடனே கழற்றிவிடுங்கள், பலகை பழுதாகிவிடும். ஒரு பின்னின் உச்ச எல்லை 40 மில்லிஅம்பியர். 10 மி.மீ. நாணய மோட்டரோ ஓடும்போதே 60 முதல் 80 வரை இழுக்கும், கிளம்பும்போது அதைவிடக் கூடும். மோட்டர் ஒன்றுக்கு, ஆளியாக ஒரு 2என்2222 ட்ரான்சிஸ்டர், பின்னுக்கும் அதன் பேஸுக்கும் இடையில் 470 ஓம் தடை, மோட்டருக்குக் குறுக்கே 1என்4148 டயோட். டயோட்டில் கோடுள்ள முனை பற்றரியின் நேர் முனைப் பக்கம் இருக்கவேண்டும். மோட்டர்களுக்குத் தனி 3.7 வோல்ட் லித்தியம் பற்றரி கொடுத்து, அதன் மறை முனையைப் பலகையின் கிரவுண்டோடு சேருங்கள். அருகில் ஒரு 470 மைக்ரோபரட் கொள்ளளவி வைத்தால் மின்னழுத்தம் சட்டென விழாது. நிறைந்த பற்றரி 4.2 வோல்ட் தரும், மோட்டரோ 3 வோல்ட்டுக்கானது. தொடர்ந்து ஓட்டும்போது பிடபிள்யூஎம் (மின்னை வேகமாக விட்டுவிட்டுக் கொடுக்கும் அளவு) 70 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

ஆனால் ஐந்து எதற்கு? இரண்டு இலையும் ஒரு மொட்டும் முறிவது பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில்தான். அந்த இரண்டு விரல்களில் மட்டும் வையுங்கள். இலையைப் பிடித்ததிலிருந்து அதிர்ந்துகொண்டே இருந்தால் விரல் பழகிப்போய், முறிவு அதற்குள் அமுங்கிவிடும். வளைக்கும்போது மௌனம், முறியும் கணத்தில் இரண்டு விரலுக்கும் ஒரே அடி: 40 முதல் 50 மில்லிசெக்கன், முழு வலுவில். அதைவிடக் குறைத்தால் மோட்டர் வேகம் பிடிக்குமுன்பே நின்றுவிடும். முற்றிய தண்டின் விறைப்பை மட்டும் இப்படிக் காட்டமுடியாது. அதிர்வு விரலைத் தடுக்காது, அதற்கு விரலை இழுத்துப் பிடிக்கும் கயிறும் சேர்வோ மோட்டரும் வேண்டும்.

மோட்டரின் மெல்லிய வயர்கள் சீக்கிரம் அறுந்துபோகும். பற்றாசு வைத்த இடத்திலிருந்து ஒரு சென்ரிமீற்றர் தள்ளி, வயரைத் துணியோடு தைத்துவிடுங்கள்.

கேள்வி: டிஆர்வி2605எல் என்ற அதிர்வு மோட்டர் இயக்கும் சில்லு ஐந்தை ஒரே ஐ2சி (இரண்டு வயரில் தரவு அனுப்பும்) தடத்தில் போட்டால் எல்லாம் சேர்ந்தே அதிர்கின்றன, ஏன்?
– வாசகர், நுவரெலியா

பதில்: அவற்றின் முகவரி ஒன்றேதான், மாற்றமுடியாது. இடையில் டிசிஏ9548ஏ என்ற தடம் பிரிக்கும் சில்லைப் போடுங்கள், எட்டு வழி கிடைக்கும். இன்னொன்று: உங்கள் ஊர்க் காலைக் குளிரில் விரல் விறைத்திருக்கும்போது அதிர்வின் அளவைத் தீர்மானிக்காதீர்கள். குளிர்ந்த தோலுக்கு அதிர்வு மங்கலாகத்தான் தெரியும். கையைச் சூடாக்கிவிட்டுச் சோதியுங்கள்.