நேற்று முடித்த சர்வீஸ் ஏன் பட்டியலில் கீழே போகிறது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வீடுகளுக்கு ஆர்.ஓ. மெஷின் சர்வீஸ் செய்கிறோம். மென்பொருளில் வாடிக்கையாளர் பக்கத்தைத் திறந்தால், நேற்று ஃபில்டர் மாற்றிய வேலை போன மாத போன் அழைப்புகளுக்குக் கீழே கிடக்கிறது. கேட்பவர்களுக்குத் தப்பான பதில் சொல்லிவிடுகிறோம். என்ன செய்வது?

பதில்: ஒரு வேலைக்கு நான்கு தேதிகள் உண்டு: பதிவு செய்தது, கெடு, முடித்தது, கடைசியாகத் திருத்தியது. சேல்ஸ்ஃபோர்ஸ் உட்படப் பல மென்பொருள்கள் முடிந்த டாஸ்க்கையும் (வேலைப் பதிவையும்) கெடு தேதியை வைத்தே அடுக்குகின்றன. ஜூன் 3க்குக் குறித்த வேலையை ஜூலை 18 அன்று முடித்தாலும் அது ஜூனில்தான் நிற்கும். அழைப்புக்குப் பேசிய நாளே தேதி என்பதால் அது மேலே ஏறிவிடும்.

உங்களுடையது எந்தத் தேதியைப் பார்க்கிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துகொள்ளலாம். சோதனைக்கு ஒரு வாடிக்கையாளரை உருவாக்கி அ, ஆ, இ என்று மூன்று டாஸ்க்குகளை அதே வரிசையில் பதியுங்கள். கெடுவாக அ-வுக்கு நேற்று, ஆ-வுக்கு முந்தாநாள், இ-க்கு அதற்கும் முந்திய நாள். முதலில் இ, பிறகு அ, கடைசியாக ஆ என முடித்துவிடுங்கள். புதியது மேலே வரும் பட்டியலில் அ உச்சியில் இருந்தால் கெடு தேதி, இ இருந்தால் பதிவு தேதி. ஆ இருந்தால், இ-யின் குறிப்பில் ஓர் எழுத்தை மாற்றிப் பாருங்கள். இ மேலே தாவினால் திருத்திய தேதி, தாவாவிட்டால் முடித்த தேதி.

அமைப்புகளில் வரிசைக்கு முடித்த தேதியைத் தேர்ந்தெடுக்க முடிந்தால் அதுவே சிறந்தது. திருத்திய தேதி வேண்டவே வேண்டாம். இரண்டு வருடத்துக்கு முந்திய வேலையில் எழுத்துப்பிழை திருத்தினாலும் அது உச்சிக்கு வந்துவிடும். மாற்றவே வழியில்லையென்றால், வேலையை முடிக்கும்போது கெடுவை அன்றைய தேதிக்கு மாற்றச் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன் 'சொன்ன தேதி' என்று தனிப் புலம் (விவரம் நிரப்பும் கட்டம்) ஒன்று வைத்து, பழைய கெடுவை அதில் எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் எத்தனை நாள் தாமதித்தோம் என்ற கணக்கே அழிந்துபோகும்.

பழைய நோட்டுப் புத்தகத்தை எக்ஸெலில் ஏற்றி உள்ளே கொண்டுவந்தால் பதிவு தேதி எல்லாவற்றுக்கும் ஏற்றிய நாளாகவே விழலாம். 05/06/2025 என்பது மே 6 ஆகவும் படிக்கப்படும். தேதிப் புலம் வெறும் எழுத்து வகையாக இருந்தாலோ 31-01-2024 என்பது 01-12-2025க்கு மேலே நிற்கும். 2025-06-05 என்று வருடத்தை முதலில் வைத்து ஏற்றுங்கள்.

நேர மண்டலம் ஆசியா/கொல்கத்தா என்று இருக்கட்டும். யுடிசி-யில் (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கிய உலகப் பொது நேரத்தில்) விட்டால், காலை 5:30க்கு முன் பதிந்தது முந்தைய நாளில் போய் உட்காரும்.