விசா வேறு, பதிவு வேறு: பிரிட்டனில் செவிலியர் வேலை குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: நான் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, 4 ஆண்டுகளாகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றுகிறேன். பிரிட்டனில் செவிலியராக வேலை செய்ய விரும்புகிறேன். முதலில் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டுமா, தேர்வு எழுத வேண்டுமா? இப்போது அங்கே வேலை கிடைக்கிறதா?

பதில்: விசா என்பது அந்த நாட்டில் தங்கி வேலை செய்வதற்கு உள்துறை அமைச்சகம் தரும் அனுமதி மட்டுமே. பதிவு பெற்ற செவிலியராகப் பணியாற்றும் உரிமையைத் தருவது நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில், அதாவது சுருக்கமாக என்.எம்.சி. எனப்படும் அமைப்பு. இந்த இரண்டையும் ஒன்றென்று எண்ணி, பணத்தையும் காலத்தையும் இழந்தவர்கள் அனுப்பும் கடிதங்கள் தொடர்ந்து வருவதால், உங்கள் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

தொடக்கம் ஆங்கிலத் தேர்வுதான். ஐ.இ.எல்.டி.எஸ். எழுதினால் படித்தல், கேட்டல், பேசுதல் ஆகிய மூன்றிலும் 7, எழுதுதலில் 6.5, நான்கின் சராசரியில் 7 பெற வேண்டும், ஓ.இ.டி. எழுதினால் எழுதுதலில் சி பிளஸ், மற்ற மூன்றிலும் பி தேவை. மருத்துவமனைச் சூழலை ஒட்டியே ஓ.இ.டி.யின் வினாக்கள் அமைவதால், வார்டில் பழகிய உங்களைப் போன்றவர்களுக்கு அது இயல்பாக இருக்கும் என்பது என் கருத்து. அடுத்தது சி.பி.டி. எனப்படும் கணினித் தேர்வு. மருந்தளவுக் கணக்குகள் 15, மருத்துவப் பராமரிப்பு வினாக்கள் 100 என இரு பகுதிகள் கொண்ட இத்தேர்வை நீங்கள் இருக்கும் நாட்டிலேயே எழுதலாம். இவற்றுடன் உங்கள் கல்வித் தகுதியையும், உங்களைப் பதிவு செய்துள்ள செவிலியர் குழுமத்தின் சான்றையும் என்.எம்.சி. சரிபார்த்துவிட்டால், ஒரு கட்டம் முடிந்தது. அதன் பிறகு நேர்காணல், வேலை உறுதிக் கடிதம், உங்களை வேலைக்கு எடுப்பதாகப் பணியளிப்பவர் உறுதிசெய்து தரும் ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ், அதைக் கொண்டு ஹெல்த் அண்ட் கேர் ஒர்க்கர் விசா என்ற வரிசையில்தான் மற்றவை வரும்.

பிரிட்டனில் இறங்கிய பிறகே எழுதக்கூடிய கடைசித் தேர்வு ஒன்று இருக்கிறது. ஆஸ்கி எனப்படும் அந்தச் செய்முறைத் தேர்வில் 10 நிலையங்கள், அதாவது ஒவ்வொரு பணியையும் தனித்தனியே செய்துகாட்டும் இடங்கள். நோயாளியாக நடிப்பவரிடம் பேசி நிலையை மதிப்பிடுவது, பராமரிப்புத் திட்டம் எழுதுவது, மருந்து தருவது, நோயாளியின் நிலையைச் சொல்லி அடுத்தவரிடம் ஒப்படைப்பது என நான்கு நிலையங்கள் ஒரே நோயாளியைச் சுற்றி நகரும். மேலும் நான்கு செய்முறைத் திறன்களுக்கும், இரண்டு எழுத்து வேலைக்கும் உரியவை. ஆண்டுக்கணக்கில் அனுபவமுள்ளவர்களும் இதில் தடுமாறுவதற்குக் காரணம் அறிவுக் குறைவு அன்று, பழக்கம்தான். மருந்து தரும் நிலையத்தில் கையைச் சுத்தம் செய்து, நோயாளியின் பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயாலேயே சொல்லச் செய்து, அதை அவர் கையில் கட்டியிருக்கும் அடையாளக் கைப்பட்டையோடும் மருந்து அட்டையோடும் ஒப்பிட்டு, ஒவ்வாமை உண்டா என்று கேட்ட பிறகே மாத்திரையை எடுக்க வேண்டும். நெருக்கடியான வார்டில் முகம் பார்த்தே மருந்து கொடுத்துப் பழகிய கை, அந்தக் கைப்பட்டையைத் திருப்பிப் பார்க்க மறந்துவிடும். ஆகவே இன்றிலிருந்தே உங்கள் பணியிடத்தில் ஒவ்வொரு முறையும் அப்படிச் செய்து பழகுங்கள்.

வேலையில் சேரும் நாளிலிருந்து 3 மாதத்துக்குள் ஆஸ்கியை முதல் முறை எழுத வேண்டும், 8 மாதத்துக்குள் தேர்ச்சி பெற்றுப் பதிவாகிவிட வேண்டும் என்பது விசா விதி. ஒரு விண்ணப்பத்தில் மூன்று வாய்ப்புகள் உண்டு. பதிவு எண் வரும்வரை பெரும்பாலான அரசு மருத்துவமனைகளில் நான்காம் ஊதியப் படியிலும் (பேண்ட் 4), வந்த பிறகு ஐந்தாம் படியிலும் (பேண்ட் 5) சம்பளம் கிடைக்கும். இங்கிலாந்தில் 2025-26ஆம் ஆண்டுக்கான ஐந்தாம் படியின் தொடக்க ஊதியம் ஆண்டுக்கு 31,049 பவுண்டு. மற்ற வேலை விசாக்களில் வருபவர்கள் ஆண்டுதோறும் கட்ட வேண்டிய 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம் உங்களுக்கு இல்லை. குடும்பத்தையும் அழைத்துச் செல்லலாம்.

வேலை வாய்ப்பைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். 2022, 2023ஆம் ஆண்டுகளில் மருத்துவமனைகள் கூட்டம் கூட்டமாக ஆளெடுத்த காலம் முடிந்துவிட்டது. 2025 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை என்.எம்.சி. பட்டியலில் புதிதாகச் சேர்ந்த வெளிநாட்டுச் செவிலியர் எண்ணிக்கை, முந்தைய ஆண்டின் அதே 6 மாதங்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. வெளிநாட்டு ஆளெடுப்பை 2035க்குள் 10 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவர வேண்டும் என்று இங்கிலாந்து அரசின் பத்தாண்டுத் திட்டம் கூறுகிறது. அங்கேயே படித்து முடிக்கும் செவிலியர்களுக்கு முதலில் வேலை தர வேண்டும் என்ற அழுத்தமும் வலுத்திருக்கிறது. நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கான 5 ஆண்டுக் காத்திருப்பை 10 ஆக்கலாம் என்று அரசின் 2025 மே மாதக் குடியேற்ற வெள்ளை அறிக்கை முன்மொழிந்ததையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆயினும் தீவிர சிகிச்சைப் பிரிவில் 4 ஆண்டு அனுபவம் என்பது, பொது வார்டுக்கு விண்ணப்பிக்கும் புதியவரைவிட உங்களை முன்னால் நிறுத்தும். ஆங்கிலத் தேர்வையும் சி.பி.டி.யையும் முடித்துவிட்டு, வேலை உறுதியாகும்வரை இப்போதைய பணியை விடாமல் இருப்பதே நல்லது.

கேள்வி: செவிலியர் பட்டம் பெற்ற நான், இரண்டு ஆண்டுகளாக இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் கேர் ஒர்க்கராக (பராமரிப்புப் பணியாளராக) இருக்கிறேன். ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் எழுதுதலில் மட்டும் 6 கிடைத்தது. இனி செவிலியராக முடியுமா?

பதில்: முடியும், மனம் தளராதீர்கள். தேவையான மதிப்பெண்ணில் அரை புள்ளி குறைந்தவர்களுக்காகவே 2023 பிப்ரவரியில் என்.எம்.சி. ஒரு வழியைத் திறந்தது. கடந்த 2 ஆண்டுகளில் குறைந்தது 12 மாதங்கள் பிரிட்டனில் பராமரிப்புப் பணியில் இருந்தவருக்கு, அவர் ஆங்கிலத்தில் திறம்படப் பணியாற்றுகிறார் என்று மேலாளர் உறுதிப்படிவம் தரலாம். அதே நிறுவனத்தில் உள்ள, என்.எம்.சி. பதிவு பெற்ற மூத்தவர் ஒருவர் அதில் மறுகையொப்பம் இட வேண்டும். உங்கள் இல்லத்தில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்பதை இன்றே கேட்டறியுங்கள்.

வேறு நிறுவனம் உங்களைச் செவிலியராக எடுத்தால், புதிய ஸ்பான்சர்ஷிப் சான்றிதழோடு புதிதாக விசாவுக்கு விண்ணப்பித்து, ஒப்புதல் வந்த பிறகே அங்கே சேர வேண்டும். அதற்கு முன் இப்போதைய வேலையை விட்டுவிட வேண்டாம். ஸ்பான்சர் விலகினால், வேறு ஸ்பான்சரைத் தேடவோ நாட்டை விட்டு வெளியேறவோ வழக்கமாக 60 நாள் அவகாசமே தரப்படும். 2024 மார்ச் 11 முதல் கேர் ஒர்க்கர்கள் குடும்பத்தை அழைத்துவர முடியாது என்ற தடை, செவிலியர் பணிக்கு மாறியபின் உங்களைக் கட்டுப்படுத்தாது.

கேள்வி: முகவர் ஒருவர் பிரிட்டனில் நர்ஸ் வேலை என்று சொல்லி, முன்பணம் கேட்கிறார். நம்பலாமா?

பதில்: பணம் கொடுக்காதீர்கள். வேலை தேடித் தருவதற்காக வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது பிரிட்டன் அரசின் ஆளெடுப்பு நெறிமுறை. தேர்வுக் கட்டணமும் விசாக் கட்டணமும் வேறு; ஸ்பான்சர்ஷிப் சான்றிதழுக்கு விலை சொல்பவர் உங்களை ஏமாற்றுகிறார்.

சான்றிதழ் கைக்கு வந்தால், அதிலுள்ள தொழில் குறியீட்டைப் பாருங்கள். செவிலியர் பணிகளுக்கு உரியவை 2231 முதல் 2237 வரை. 6135 என்று இருந்தால் அது கேர் ஒர்க்கர் வேலை; 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து அந்த வேலைக்குப் புதிதாக ஆளெடுப்பதே நிறுத்தப்பட்டுவிட்டது. நிறுவனத்தின் பெயர், உள்துறை அமைச்சகம் வெளியிடும் உரிமம் பெற்ற ஸ்பான்சர்களின் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் நீங்களே தேடிப் பாருங்கள்.

ஒப்பந்தத்தின் பின்பக்கங்களையும் படிக்க வேண்டும். அண்மையில் ஒரு செவிலியர் என்னிடம் காட்டிய ஒப்பந்தத்தில், மூன்று ஆண்டுக்குள் விலகினால் முழுச் செலவையும் திருப்பித் தர வேண்டும் என்று ஒரே ஒரு வரி இருந்தது. என்ன செலவு, எவ்வளவு என்று எதுவும் இல்லை. திருப்பிக் கேட்கும் தொகை நியாயமானதாகவும், பணியாற்றிய காலத்துக்கேற்பக் குறைவதாகவும், முன்கூட்டியே கணக்குக் காட்டப்பட்டதாகவும் இருக்க வேண்டும். பணியளிப்பவர் அரசுக்குக் கட்டும் ஸ்பான்சர் உரிமக் கட்டணமும் குடியேற்றத் திறன் வரியும் அதில் சேரக் கூடாது. கையெழுத்திடுவதற்கு முன், தொகையின் விவரத்தை எழுத்து மூலமாகக் கேட்டுப் பெறுங்கள். தர மறுத்தால் கையெழுத்திட வேண்டாம்.